ஓப்பன்ஹைமர்: ஹிரோஷிமாவைக் காட்டாமல் விட்டது சரியா?

23 ஜூலை 2023 (ஒரு வாசகரின் கேள்வி)

அணுகுண்டு பற்றி மூன்று மணி நேரப் படம். குண்டு விழுந்த ஊரில் ஒரு நொடிகூடக் கேமரா நிற்கவில்லை. செத்தவர்களை விட்டுவிட்டு, குண்டு செய்த ஓப்பன்ஹைமரின் மன உளைச்சலை மட்டும் காட்டுவது என்ன நேர்மை? இயக்குநர் நோலனின் ரசிகர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

24 ஜூலை 2023, இரவு 11.40

நோலன் ரசிகன் இல்லை, பிளஸ் டூ இயற்பியல் வாத்தியார். நேற்று மதுரையில் மாமனாரோடு போய்ப் பார்த்தேன்.

காட்டாமல் விட்டதுதான் சரி என்பது என் கட்சி. படம் அந்த ஆளின் கண் வழியாக ஓடுகிறது. அவர் பகுதியின் திரைக்கதையையே "நான்" என்று தன்மையில் எழுதியதாக நோலன் சொல்லியிருக்கிறார். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஓப்பன்ஹைமர் இருந்தது குண்டு செய்த ஆய்வுக்கூடமான லாஸ் அலமோஸில். ஹிரோஷிமா அவருக்குச் செய்தியாகத்தான் வந்தது, நமக்கும் அப்படியே வருகிறது. அதற்குப் பிறகு அரங்கில் கூட்டம் காலைத் தட்டி ஆரவாரம் செய்ய, அவர் பேச எழுந்திருக்கும் காட்சி இருக்கிறதே, அதைவிட வேறென்ன வேண்டும்? சத்தம் நின்றுபோகிறது, வெள்ளை வெளிச்சம், ஒரு பெண்ணின் முகத்தோல் உரிகிறது, அவர் கால் கரிக்கட்டையாகிப்போன ஓர் உடலுக்குள் புதைகிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

குறை சொல்வதானால் வேறு இருக்கிறது. கடைசி ஒரு மணி நேரம் வேறு படம். மேசை, நாற்காலி, வக்கீல், சாட்சி. குண்டு வெடித்ததும் எழுந்து வந்திருக்கலாம். நடுநடுவே பழைய காலத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டிக் குழப்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, இடைவேளையே இல்லாத படத்துக்கு ஒரு வசனத்தின் நடுவில் இடைவேளை விட்டார்கள். பாதி வாக்கியம் பாப்கார்னுக்கு முன்னால், மீதி பின்னால்.

25 ஜூலை 2023

கறுப்பு வெள்ளை பற்றி மூன்று பேர் திட்டிவிட்டீர்கள். சரி, தப்பு என்னுடையது. பழைய காலம் என்று நான் நினைத்தது உண்மையில் பிந்தைய காலம், அதாவது 1959. ஓப்பன்ஹைமரைக் கவிழ்த்த அதிகாரி லூயிஸ் ஸ்ட்ராஸ் அமைச்சர் பதவிக்காக செனட் முன்னால் உட்கார்ந்திருப்பது. வண்ணத்தில் வருவது ஓப்பன்ஹைமரின் பார்வை, கறுப்பு வெள்ளையில் வருவது ஸ்ட்ராஸின் பக்கம். படத்தின் தொடக்கத்திலேயே ஒன்றுக்குப் "பிளவு", இன்னொன்றுக்குப் "பிணைவு" என்று தலைப்புப் போடுகிறார்கள். வருஷம் தவறாமல் இந்த இரண்டையும் கரும்பலகையில் எழுதிப்போடும் நான் அதைக் கோட்டைவிட்டேன். மாமனார் அப்போது தண்ணீர் பாட்டில் கேட்டார்.

25 ஜூலை 2023, மறுபடி

புகை பிடிக்கும் காட்சி வரும்போதெல்லாம் கீழே எச்சரிக்கை ஓடியதே, கவனித்தீர்களா? ஊரையே அழிக்கும் குண்டு செய்கிறவருக்கு சிகரெட் கெடுதல் என்று புத்தி சொல்கிறோம் என்று தியேட்டரில் ஒரு பையன் கத்தினான், எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்த மனிதர் 1967இல் 62 வயதில் செத்தது தொண்டைப் புற்றுநோயால்.

27 ஜூலை 2023

கீதை சண்டைக்கு நான் வரவில்லை என்றுதான் இருந்தேன். படுக்கையறைக் காட்சியில் அதைப் படிக்க வைத்தது எனக்கும் உறுத்தியது, மாமனார் பக்கத்தில் இருந்ததால் இரட்டிப்பாக உறுத்தியது. வெடிப்பைக் கணினி வரைகலை இல்லாமலே எடுத்தோம் என்று பெருமைப்பட்ட படத்தில், நம்மூருக்கு மட்டும் அந்தப் பெண்ணுக்கு ஒரு கறுப்பு உடையை வரைந்து மாட்டிவிட்டார்கள். அது தனிக் கூத்து.

"நானே மரணம் ஆனேன்" என்பது தப்பான மொழிபெயர்ப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். 11ஆம் அத்தியாயம், 32ஆம் சுலோகம். மூலத்தில் இருக்கும் சொல் "கால". அதற்குக் காலம் என்றுதான் பொதுவாகப் பொருள் சொல்வார்கள், அதில் அவர் சொல்வது சரி. ஆனால் மரணம் என்பது ஓப்பன்ஹைமர் தன்னிஷ்டத்துக்குப் போட்டதில்லை. பெர்க்லியில் அவருக்கு சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்த ஆர்தர் ரைடரும் அப்படித்தான் பெயர்த்திருக்கிறார். தமிழ்க்காரர்களுக்கு இதில் பெரிய தடுமாற்றமே இருக்கக்கூடாது. நமக்குக் காலத்துக்கும் காலனுக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதான்.

இன்னொன்று. சோதனைக் குண்டு வெடித்த நிமிஷத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னார் என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். அப்படி இல்லை. அந்த வரி தன் நினைவுக்கு வந்ததாக 1965இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் அவர் சொல்வதைத்தான் நாம் கேட்கிறோம். இடையில் இருபது வருஷம். ஒரு மனிதன் இருபது வருஷம் யோசித்துக் கண்டுபிடித்த வரியாகக்கூட அது இருக்கலாம்.

30 ஜூலை 2023

"வெளிச்சம் வந்து இவ்வளவு நேரம் கழித்தா சத்தம் வரும், பூச்சுற்றுகிறார்" என்று எழுதிய தம்பிக்கு.

கணக்குப் போடலாம். சோதனைக் குண்டை ஏற்றி வைத்த கோபுரத்திலிருந்து ஓப்பன்ஹைமர் இருந்த பதுங்கிடம் 10,000 கெஜம், அதாவது சுமார் 9 கிலோமீட்டர். நொடிக்கு 340 மீட்டர் என்றால் 27 நொடி. படத்தில் ஒரு நிமிஷத்துக்கு மேல் அமைதி நீள்கிறது. ஆக, பூச்சுற்றுவது கொஞ்சம் உண்மைதான். ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் இல்லை. இயற்பியலாளர் ஃபெர்மி இருந்த முகாம் 16 கிலோமீட்டர், 47 நொடி. இன்னொரு இயற்பியலாளர் ஃபெயின்மன் லாரிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்த குன்று 32 கிலோமீட்டர், ஒன்றரை நிமிஷம். நோலன் எல்லோர் முகத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுவதால் யாருடைய நொடி ஓடுகிறது என்றே தெரியாமல் போகிறது.

நான் சிவகாசிப் பக்கம். சின்ன வயதில் எங்கள் ஊரில் தூரத்தில் எங்காவது ஆலை வெடித்தால் முதலில் புகை தெரியும், அப்புறம்தான் ஜன்னல் அதிரும். அந்த இடைவெளியில் யாரும் பேச மாட்டார்கள். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், அங்கே நம் வீட்டு ஆள் யாராவது வேலைக்குப் போயிருக்கிறார்களா என்று பெரியவர்கள் மனசுக்குள் எண்ணுவார்கள். தியேட்டரில் அந்த அமைதி வந்தபோது என்னால் அதைப் படமாகப் பார்க்க முடியவில்லை.

வெடிப்பு மட்டும் ஏமாற்றம். பெட்ரோல் தீ மாதிரி ஆரஞ்சு நிறத்தில் சுருண்டு எழுகிறது. டிரினிட்டி என்ற அந்த முதல் சோதனையின் அசல் படங்கள் கிடைக்கின்றன, பாருங்கள். முதல் மில்லிநொடிகளில் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வழவழப்பான குமிழ், ஏதோ உயிருள்ள பொருள் மாதிரி. எந்தத் தீயும் அப்படி இருக்காது.

30 ஜூலை 2023, பின்சேர்க்கை

வகுப்பில் நான் சொல்வது, யாருக்காவது உதவும். அந்தச் சோதனைக் குண்டின் உள்ளே இருந்த புளுட்டோனியம் சுமார் 6 கிலோ. அதைச் சுற்றி வேகமாக வெடிப்பதும் மெதுவாக வெடிப்பதுமாக இரண்டு வகை மருந்து சேர்த்து வார்த்த 32 துண்டுகள். கால்பந்தில் தைத்திருக்கிற துண்டுகளும் 32தான். எல்லாம் ஒரே கணத்தில் வெடித்து உள்ளே அமுக்க வேண்டும். அந்த 6 கிலோவில் ஆற்றலாக மாறிக் காணாமல்போன நிறை ஏறத்தாழ ஒரு கிராம். ஒரு மூக்குத்தி. இதைச் சொன்னதும் வகுப்பில் மூக்குத்தி போட்ட பிள்ளைகள் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

6 ஆகஸ்ட் 2023

கடைசி ஒரு மணி நேரத்தை வெட்டியிருக்கலாம் என்று 24ஆம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

மாமனார் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படம் பார்த்த அன்று ஒன்றும் பேசவில்லை. நேற்று சாப்பிடும்போது அவராக ஆரம்பித்தார். "மாப்ள, அந்த என்கொயரியில எதிர்த்தரப்பு வக்கீலுக்கு மட்டும் ஃபைலைக் காட்டுறான். இவரு வக்கீலுக்குக் காட்ட மாட்டேங்கிறான். அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

நான் போய் விவரம் படித்தேன். ஓப்பன்ஹைமரை நம்பி அரசு ரகசியங்களைக் காட்டலாமா என்று 1954 ஏப்ரல் 12இலிருந்து மே 6 வரை விசாரணை. கோர்ட் இல்லை, மூன்று பேர் கொண்ட குழு. இரண்டுக்கு ஒன்று என்று அவருக்கு எதிராக முடிவு. அதன்பின் அணுசக்தி ஆணையம் நாலுக்கு ஒன்று என்று அதை உறுதி செய்தது ஜூன் 29. ரகசியங்களைப் பார்க்க அவருக்கிருந்த அனுமதி தானாகவே காலாவதியாக வேண்டிய நாள் ஜூன் 30.

இதைச் சொன்னதும் மாமனார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஓய்வு பெற வேண்டிய நாளன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவர் கையில் சஸ்பென்ஷன் ஆர்டர் கொடுத்தார்களாம். மாலை வாங்கி வைத்தாயிற்று, டீ பார்ட்டிக்கு மிக்சர் பொட்டலம் வந்தாயிற்று. 17(பி) மெமோ, அதாவது குற்றச்சாட்டு. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை, என் மனைவி உட்பட. தற்காலிக ஓய்வூதியத்தில் ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறார், கடைசியில் குற்றச்சாட்டைக் கைவிட்டு ஒரு பக்கத் தாள் வந்ததாம்.

ஓப்பன்ஹைமருக்கும் அப்படி ஒரு தாள் வந்தது. 2022 டிசம்பர் 16 அன்று அமெரிக்க எரிசக்தித் துறை அந்த 1954 முடிவை ரத்து செய்தது. "எனக்கு ஆறு வருஷம், அவருக்கு எத்தனை?" என்று கேட்டார். 68 என்றேன். "ஆள் இருந்தாரா?" இல்லை.

ஒரு நாளில் தானாகச் செத்துப்போகும் ஒன்றை எதற்கு இன்றைக்கே கொல்கிறார்கள் என்பது எனக்கு அன்று தியேட்டரில் புரியவில்லை. மாமனாருக்குப் புரிந்திருக்கிறது.

7 ஆகஸ்ட் 2023

நேற்று ஹிரோஷிமா நாள். அன்றைக்குப் போய் அணுகுண்டு செய்தவருக்காக உருகி எழுதியிருக்கிறேன் என்று ஒரு அக்கா சுட்டிக்காட்டியிருக்கிறார். தேதியைப் பார்க்கவே இல்லை. முதல் கேள்வி கேட்டவர் சொன்னதும் இதுதானே: செத்தவர்களை விட்டுவிட்டுச் செய்தவரின் வலியைப் பேசுவது.

வாதத்தை இன்னும் விடவில்லை, கொஞ்சம் ஆடுகிறது.

13 ஆகஸ்ட் 2023

துண்டு துண்டாக:

1945 காட்சியில் ஆட்டுகிற கொடிகளில் 50 நட்சத்திரம். அப்போது 48தான். மாணவன் ஒருவன் கண்டுபிடித்துச் சொன்னான், பரீட்சையிலும் இப்படிக் கவனித்தால் தேவலை.

ஐன்ஸ்டைனிடம் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டுவது கற்பனை. வளிமண்டலமே பற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தை ஓப்பன்ஹைமர் கொண்டுபோனது இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டனிடம். காம்ப்டன் முகத்தை யாருக்குத் தெரியும்? ஐன்ஸ்டைன் என்றால் தலைமுடியே நடித்துவிடும்.

கியோட்டோவில் தேனிலவு கொண்டாடினேன், அதைக் குண்டு போடும் ஊர்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் சொல்வது. அவர் கல்யாணம் 1893, கியோட்டோ போனது 1926இல். ரொம்பத் தாமதமான தேனிலவு. ஆனால் கியோட்டோவை அவர் பிடிவாதமாக நீக்கியது உண்மை.

யுரேனியம் எங்கிருந்து வந்தது என்று படத்தில் யாரும் கேட்பதில்லை. எவ்வளவு சேர்ந்தது என்று காட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் கோலிக்குண்டு விழுகிறது, அவ்வளவுதான். பெரும்பகுதி காங்கோவின் ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்து வந்தது. பிரித்தெடுக்கும் காந்தங்களுக்குச் செம்பு போதாமல் அமெரிக்கக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடன் வாங்கிக் கம்பியாக இழுத்தார்கள். இதை மட்டும் மாமியாரிடம் சொன்னேன். திருப்பிக் கொடுத்தார்களா என்றார். அநேகமாக முழுசும் கொடுத்துவிட்டார்கள்.

1 செப்டம்பர் 2023

இன்றைய தேதிக்காக ஒன்று. 1939 செப்டம்பர் 1 அன்றுதான் ஹிட்லர் போலந்துக்குள் புகுந்தான். அதே நாளில் ஓப்பன்ஹைமரும் மாணவர் ஸ்னைடரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது, பெரிய விண்மீன் தன் எடையாலேயே நொறுங்கிக் கண்ணுக்கு மறைந்துபோகும் என்று. இன்று கருந்துளை என்கிறோம். படத்தில் அது ஒரு நொடி வந்துபோகிறது.

அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுக் கப்பலேறிய 19 வயதுப் பையன், போகும் வழியிலேயே வெண்குள்ள விண்மீனுக்கு எடை வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டான். சுப்பிரமணியன் சந்திரசேகர். அந்த வரம்பு இல்லாமல் 1939 கட்டுரைக்கு வழி ஏது? போர்க்காலத்தில் சந்திராவும் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை பார்த்தார், அபர்தீன் ஆய்வுக்கூடத்தில் அதிர்வலைக் கணக்கு. அவரை யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்தால் விசாரணைக் காட்சிக்குப் பதிலாக 1935இல் வானியலாளர் எடிங்டன் எல்லோர் முன்னிலும் அவரைக் கேலி செய்த கூட்டத்தை வைக்கலாம்.

தலைப்பை விட்டு ரொம்ப தூரம் போய்விட்டேன்.

11 மார்ச் 2024

ஏழு ஆஸ்கர். படம், இயக்கம், ஓப்பன்ஹைமராக நடித்த மர்ஃபி, ஸ்ட்ராஸாக நடித்த டௌனி, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை. படத்தொகுப்புக்குக் கொடுத்தது ரொம்பச் சரி. எங்கள் தியேட்டரின் இடைவேளைக்கு யாரும் கொடுக்கவில்லை.

31 மார்ச் 2024

நேற்று முன்தினம் ஜப்பானில் படம் வெளியானது, நமக்கு எட்டு மாதம் கழித்து. அதைச் சாக்கிட்டு நானும் வீட்டில் இரண்டாம் தடவை பார்த்தேன். இடைவேளை இல்லாமல்.

முதல் கேள்வி கேட்டவரே, இன்னும் இருக்கிறீர்களா? என் கட்சி பாதி கவிழ்ந்துவிட்டது.

அவர் பார்க்கவில்லை, அதனால் நாமும் பார்க்கவில்லை என்றேன். ஆனால் ஹிரோஷிமாவிலிருந்து எடுத்து வந்த படங்களைத் திரையில் போட்டுக் காட்டும் காட்சி இருக்கிறது, முதல் தடவை எனக்கு மனதில் ஒட்டவே இல்லை. விளக்கிச் சொல்லும் குரல் கேட்கிறது, கேமரா ஓப்பன்ஹைமர் முகத்தில் நிற்கிறது, அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். ஆக, அவர் கண்ணுக்கு முன்னால் அது இருந்தது. பார்க்காமல் இருந்தது அவர். அவரோடு சேர்ந்து நம்மையும் குனிய வைக்கிறார் நோலன். இது குற்றமா, அல்லது அதுதான் படம் சொல்ல வந்ததா? முதல் தடவையே கவனித்திருந்தால் குற்றம் என்றிருப்பேன். இப்போது பாதிக்குப் பாதி. 1960இல் ஓப்பன்ஹைமர் ஜப்பான் போனார். டோக்கியோ போனார், ஒசாகா போனார். ஹிரோஷிமா போகவில்லை. அந்தக் குனிந்த தலை அதோடு பொருந்துகிறது.

பொருந்தாத இடம் வேறு. 1945 மே 10, 11 தேதிகளில் எந்த ஊரில் போடுவது என்று பேசிய குழு கூடியது லாஸ் அலமோஸில், ஓப்பன்ஹைமரின் அறையிலேயே. ஹிரோஷிமா அந்தப் பட்டியலில் இருந்தது. படத்தில் அந்தக் கூட்டம் இல்லை. ஊர் தேர்வு செய்வதெல்லாம் வாஷிங்டனில் ஸ்டிம்சன் மேசையில் நடப்பதாக வருகிறது, இவர் ஓரமாக உட்கார்ந்து சங்கடப்படுகிறார். தன்மையில் எழுதிய திரைக்கதை என்றால் "நான்" இருந்த அறையை எப்படி விடுவது?

1 ஏப்ரல் 2024

அதைவிடப் பெரியது ஒன்று, எழுதாமல் தூக்கம் வரவில்லை.

டிரினிட்டி நடந்த இடம் ஆளில்லாப் பாலைவனம் என்றே படம் பார்த்தவர்கள் நினைப்பார்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆளில்லாத இடம் இல்லை. சில பத்து கிலோமீட்டருக்குள் பண்ணை வீடுகள், சின்ன ஊர்கள். ஸ்பானிய வம்சாவளியினர், பூர்வகுடிகள், ஆடு மாடு வளர்ப்பவர்கள். கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிப்பவர்கள். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை, யாரையும் வெளியேற்றவில்லை. விடியற்காலை 5.29க்கு அந்த வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு, வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டது என்று ராணுவம் கதை சொன்னது. பின்னால் சாம்பல் தூவியது, கூரையிலும் தொட்டியிலும்.

ஹிரோஷிமா கடலுக்கு அந்தப் பக்கம், பார்க்கவில்லை என்று சொல்லலாம். இவர்கள் அதே வெளிச்சத்துக்குள் இருந்தவர்கள். படத்தில் மழை வருமா வராதா என்று இரவு முழுக்கக் கவலைப்படுகிறார்களே, காற்று திசை மாறினால் சாம்பல் எங்கே விழும் என்ற கவலையும் அதில் உண்டு. ஆனால் விழும் இடத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு வசனம் இல்லை. குண்டு வெடிக்குமா என்று 10 டாலர் பந்தயம் கட்டியதற்கு இடம் இருக்கிறது.

நான் சொன்ன அந்த நீண்ட அமைதியில், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அங்கே யார் இருக்கிறார்கள் என்று எண்ணுவார்கள் என்றேன். படத்தில் எண்ணுவது நொடிகளை மட்டும்தான்.

2 ஏப்ரல் 2024

இல்லை, படம் பிடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் தடவையும் பார்ப்பேன். டௌனி தாடையை இறுக்குவதைப் பார்ப்பதற்காகவே.

12 அக்டோபர் 2024

ஜப்பானில் குண்டுவீச்சிலிருந்து தப்பியவர்களின் அமைப்பான நிஹோன் ஹிடான்கியோவுக்கு இந்த வருஷ நோபல் அமைதிப் பரிசு. நேற்று அறிவித்தார்கள். பழைய இழையைத் தோண்டுவதற்கு மன்னிக்கவும், இங்கே போடத் தோன்றியது. ஹிரோஷிமாவில் அந்த ஆண்டு முடிவுக்குள் செத்தவர்கள் மட்டும் சுமார் 1,40,000, நாகசாகியில் சுமார் 74,000. பிழைத்தவர்கள் இப்போது 80, 90 வயதில்.

10 ஜூலை 2025

கடைசியாக ஒரு செய்தி. கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் அமெரிக்காவில் 1990இல் வந்தது. நெவாடா சோதனைகளின் காற்று வீசிய பக்கத்து மக்களைச் சேர்த்தார்கள். முதல் குண்டு வெடித்த நியூ மெக்சிகோக்காரர்களைச் சேர்க்கவில்லை. இந்த ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தில்தான் அவர்களுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. 80 வருஷம்.

மாமனாரிடம் படித்துக் காட்டினேன்.

"அரியர் உண்டா?"

அரியர் இல்லை மாமா, மொத்தமாக 1,00,000 டாலர். குறிப்பிட்ட புற்றுநோய்கள் வந்தவர்களுக்கு.

"அவுக செத்துப்போயிருந்தா?"

வாரிசுகளுக்குக் கொடுப்பார்கள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ வாரிசு சர்டிபிகேட் கேப்பான். 45ல யார் வீடு எங்க இருந்துச்சுன்னு அத்தாட்சி கேப்பான். வீட்டு ரசீது கேப்பான். நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்."